ஜாவாவில் பெரிய கோப்புகளைப் பதிவேற்றுதல்: நினைவகத்தை விழுங்கும் முன்னிருப்பு பற்றிய ஒரு திறனாய்வு

எச்டிடிபி வழியாக ஒரு கோப்பைச் சேவையகத்துக்கு அனுப்புவது ஜாவாவில் எளிய வேலை என்றே பயிற்சி நூல்களும் இணையப் பாடங்களும் காட்டுகின்றன. பத்துப் பதினைந்து வரி நிரல் போதும். ஓர் ஒளிப்படமோ இரண்டு பக்க விண்ணப்பமோ உடனே போய்ச் சேர்ந்துவிடும். அதே நிரலிடம் 180 மெகாபைட் அளவுள்ள மின்வருடல் ஒன்றைக் கொடுத்தால், ‘அவுட் ஆஃப் மெமரி எர்ரர்’ என்ற அறிவிப்போடு நின்றுவிடுகிறது. உடனே கிடைக்கும் அறிவுரை, கணினியில் நினைவகம் போதாது, கூட்டுங்கள் என்பது. இந்த அறிவுரை தவறு என்பதும், குறை ஜாவாவின் பழைய வகுப்பு ஒன்றின் முன்னிருப்பிலும் நாம் அதைக் கற்பிக்கும் விதத்திலும் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எடுத்துக்காட்டாகத் தமிழ் விக்கிமூலத்துக்கு நூல்களை ஏற்றும் பணியை எடுத்துக்கொள்கிறேன். பெரிய கோப்பும் சிறிய கணினியும் மெல்லிய இணைப்பும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் அது.

ஒரு நூலும் ஒரு பழைய கணினியும்

தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று தமிழ் விக்கிமூலத்தில் உள்ளன. அவற்றின் வருடல் கோப்புகள் விக்கிமீடியா பொதுவகத்தில் இருக்கின்றன. விக்கிமூலத்தில் பக்கம் பக்கமாக எழுத்துணரியால் உரையாக்கி, தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கிறார்கள். இவை தவிர, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்ததால் இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை முடிந்த நூல்களையும் தனியாட்கள் வருடி ஏற்றுகிறார்கள். பெரியபாளையத்தில் இருந்துகொண்டு அந்த வேலையில் சிறு பங்கெடுப்பவன் நான். என் கணினியின் நினைவகம் 2 ஜிபி. இணைய இணைப்பு கைபேசி வழியாகத்தான். ஆடி ஞாயிறுகளில் பவானியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் அதுவும் நெரிபட்டுத் திணறும். ஆகவே ஏற்றும் வேலையைப் பின்னிரவுக்கு ஒதுக்கிவிடுவேன்.

என்னிடம் படித்தவர் ஒருவர் இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கிறார். என் வேலைக்காகவும் தாம் கற்றுக்கொள்வதற்காகவும் ஜாவாவில் ஓர் ஏற்றும் நிரல் எழுதிக் கொடுத்தார். சிறிய கோப்புகள் நன்றாகப் போயின. நான் குறிப்பிட்ட 180 மெகாபைட் நூல் மட்டும் போகவில்லை. சேவையகத்துக்கு ஒரு பைட்டும் போய்ச் சேர்வதற்கு முன்பே நிரல் விழுந்தது. பலரும் எழுதுகிற முறையில்தான் அவரும் எழுதியிருந்தார். எனவே அந்த நிரலையே பாடமாக வைத்துப் பார்க்கலாம்.

ஒரே நூல், நான்கு படிகள்

முதல் வரியில் ‘ஃபைல்ஸ்’ வகுப்பின் ‘ரீட் ஆல் பைட்ஸ்’ முறை அழைக்கப்பட்டது. ஜாவா 7 முதல் கிடைக்கும் இது கோப்பு முழுவதையும் ஒரே பைட் அணியாக நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கும். இங்கே 180 மெகாபைட் போயிற்று.

அடுத்து, உலாவி அனுப்புவது போன்ற மல்டிபார்ட் உடலை உருவாக்க வேண்டும். கோப்புக்கு முன்னால் பெயர், வகை முதலிய தலைப்பு வரிகளும், பின்னால் ஒரு முடிவெல்லைக் கோடும் சேர்ந்த வடிவம் இது. 1995இல் ஆர்எஃப்சி 1867 அறிமுகப்படுத்தியது, இன்றும் அதே சட்டகம்தான். இதைச் சேர்த்துக் கட்ட ‘பைட் அரே அவுட்புட் ஸ்ட்ரீம்’ பயன்பட்டது. அதற்குள் கோப்பின் இரண்டாவது படி உருவாயிற்று. பிறகு ‘டு பைட் அரே’ என்று கேட்டதும் மூன்றாவது படி. மொத்தம் 540 மெகாபைட்.

எல்லை எங்கே இருக்கிறது? நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா மெய்நிகர் பொறி பொதுவாகக் கணினியின் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கையே ஹீப்பின் உச்ச அளவாக வைத்துக்கொள்ளும். 2 ஜிபிக்கு அது 512 மெகாபைட். அந்த 512ம் ஓர் அணிக்கு முழுதாகக் கிடைத்துவிடாது, ஹீப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆக மூன்றாவது படிக்கே இடமில்லை. அதையும் தாண்டியிருந்தால் இணைப்பு வகுப்புக்குள் நான்காவது படி ஒன்று காத்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரீட் ஆல் பைட்ஸ் முறையின் விளக்கக் குறிப்பே, இது பெரிய கோப்புகளைப் படிப்பதற்கானது அல்ல என்று சொல்கிறது. ஆனால் எத்தனை பயிற்சிப் பாடங்கள் அந்த எச்சரிக்கையை எடுத்துச் சொல்கின்றன? ஒரு வரியில் வேலை முடிகிறது என்ற அழகுக்காகவே அதைக் காட்டுகிறார்கள். ஆடி ஞாயிறு கோயிலுக்கு வரும் அத்தனை பேரையும் முதலில் கருவறை முன்னே நிறுத்திவிட்டு, அதன்பின் தரிசனத்தைத் தொடங்குவது போன்றது இது. வரிசை எதற்கு இருக்கிறது?

நினைவகத்தைக் கூட்டும் அறிவுரைக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ‘எக்ஸ்எம்எக்ஸ்’ என்னும் விருப்பத்தால் உச்ச அளவை உயர்த்தலாம். 2 ஜிபி கணினியில் அதை 1 ஜிபிக்கு மேல் உயர்த்தினால் இயங்குதளம் வட்டைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கி, சுட்டியைக்கூட அசைக்க முடியாமல் போகும். பெரிய கணினி வாங்கினாலும் சுவர் கொஞ்சம் தள்ளிப் போகுமே தவிர மறையாது. ஜாவாவில் அணியின் சுட்டெண் 32 பிட் முழு எண். ஆகவே எந்தப் பைட் அணியும் 2,147,483,647 உறுப்புகளைத் தாண்ட முடியாது. 64 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் 3 ஜிபி கோப்பை ரீட் ஆல் பைட்ஸ் படிக்காது, அதே பிழையைத்தான் தரும். நினைவகம் காலியாகக் கிடக்கும்போதே நினைவகம் போதவில்லை என்று வரும் அந்தச் செய்தியைப் பார்த்துக் குழம்பாத மாணவர் குறைவு.

மடை அடைத்த வாய்க்கால்

சரி, அணியை விட்டுவிட்டு ஓடையாக எழுதினார் என் மாணவர். 8 கிலோபைட் இடையகம் ஒன்று. கோப்பிலிருந்து ஒரு கை மொள்ளுவது, இணைப்பின் வெளியோடையில் ஊற்றுவது, தீரும்வரை திரும்பச் செய்வது. பாடநூல் சொல்லும் சரியான முறை. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அதே பிழை!

இந்த இடத்தில்தான் பலர் ஜாவாவையே வெறுத்துவிடுகிறார்கள். நாம் எட்டு எட்டு கிலோபைட்டாக ஊற்றியது உண்மை. ஆனால் ‘எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷன்’ என்ற வகுப்பு, அதை வலைப்பின்னலுக்கு அனுப்பாமல் தனக்குள் ஒரு தொட்டியில் சேர்த்துக்கொண்டே வந்தது. பதிலைக் கேட்கும்போதுதான் மொத்தத்தையும் அனுப்பத் தொடங்கும். வாளி வாளியாக இறைத்தும் மடை அடைத்திருந்தால் தண்ணீர் வயலுக்குப் போகாமல் வாய்க்காலிலேயே தேங்குவது போல. நான் மேலே சொன்ன நான்காவது படி இதுதான்.

அந்தத் தொட்டி வளரும் விதம் இன்னும் மோசம். நிரம்பும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு அளவில் புதிய அணி ஒன்று எடுக்கப்பட்டு, பழையது அதில் படியெடுக்கப்படும். 128 மெகாபைட் நிரம்பி 256க்கு மாறும் அந்த நொடியில் இரண்டும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். அதாவது 384. எங்கள் 180 மெகாபைட் நூல் அந்தப் படியைக் கடந்தே ஆக வேண்டியிருந்தது. 100 மெகாபைட் நூல் ஒன்று சிக்கலின்றிப் போனதற்கும் இதுவே காரணம்: அதற்கு 128இல் ஒரு தொட்டி போதும். கோப்பு இரண்டு மடங்குகூட இல்லை, ஆனால் ஒன்று போகிறது, மற்றது விழுகிறது. இதை அறியாதவர் கோப்பில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி வருடப் போய்விடுவார். நானும் நினைத்தேன்.

இந்த வடிவமைப்பின்மீது குறை சொல்லும் முன் அதன் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும. இந்த வகுப்பு ஜாவா 1.1இல், 1997 தொடக்கத்தில் வந்தது. உடலை அனுப்பும் முன்பே அதன் நீளத்தைத் தலைப்பில் சொல்லிவிட வேண்டும் என்பது அன்றைய எச்டிடிபி 1.0இன் நிலை. நிரலர் எவ்வளவு எழுதப் போகிறார் என்பது வகுப்புக்குத் தெரியாது. எனவே எழுதி முடிக்கட்டும், எண்ணிப் பார்த்து அனுப்பலாம் என்று வைத்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. சேவையகம் வேறு முகவரிக்குப் போகச் சொன்னாலோ கடவுச்சொல் கேட்டாலோ அதே உடலை மறுபடி அனுப்ப வேண்டும். தொட்டியில் இருந்தால் அனுப்பலாம், ஓடிப்போன தண்ணீரைத் திரும்பப் பிடிக்க முடியாது. படிவம் ஒன்றில் பெயரும் ஊரும் அனுப்புகிற அந்தக் காலத்துக்கு இது நல்ல ஏற்பாடே.

மாற்றுவழி 2004இல் ஜாவா 5 உடன் வந்தது. நீளம் முன்பே தெரிந்தால் ‘செட் ஃபிக்ஸ்டு லெங்த் ஸ்ட்ரீமிங் மோட்’, தெரியாவிட்டால் ‘செட் சங்க்டு ஸ்ட்ரீமிங் மோட்’. இரண்டில் ஒன்றை, வெளியோடையைக் கேட்பதற்கு முன்பு அழைத்தால் மடை திறந்துவிடும். எழுதுவது உடனுக்குடன் வலைப்பின்னலுக்குப் போகும். விலையாக, திருப்பிவிடலும் கடவுச்சொல் கேட்பும் வந்தால் வகுப்பு தானாகச் சமாளிக்காது, ‘எச்டிடிபி ரீட்ரை எக்ஸெப்ஷன்’ என்று கைவிரிக்கும். நியாயமான விலை. ஆனால் 2004இல் கொடுத்த நீள அளபுருவும் 32 பிட் எண்ணாகவே இருந்தது, 2 ஜிபியைத் தாண்டாது. அதை 64 பிட்டாக ஏற்கும் வடிவம் 2011இல் ஜாவா 7இல்தான் வந்தது. பெரிய கோப்புகளுக்காகவே செய்த வசதியில் இப்படி ஒரு எல்லையை வைத்து ஏழாண்டு விட்டிருந்ததை மறதி என்று சொல்லலாமா, அக்கறைக் குறைவு என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

என் முதன்மையான குற்றச்சாட்டு வேறு. பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதற்காக முன்னிருப்பை மாற்றாமல் விட்டார்கள், ஏற்கலாம். ஆனால் தொட்டி ஒன்று உள்ளே இருக்கிறது என்ற செய்தி, அதைத் தவிர்க்கும் முறைகளின் விளக்கத்தில்தான் தெளிவாக வருகிறது. நோய் இருப்பதே மருந்துச்சீட்டைப் படித்தால்தான் தெரியும் என்பது போல. நோயை அறியாதவர் மருந்தை எதற்குத் தேடுவார்? எட்டு கிலோபைட் இடையகத்தோடு சரியாக எழுதிய மாணவரை, நீ எழுதியது சரிதான், ஆனால் நான் சேர்த்துவைத்துக்கொள்கிறேன் என்று எச்சரிக்க அந்த வகுப்பில் எந்த வழியும் இல்லை.

இரண்டு முறைகளில் எதைத் தேர்வது? வட்டில் இருக்கும் கோப்பின் அளவு நமக்குத் தெரியும். ஆகவே நீளத்தைச் சொல்லும் முதல் முறையே மேல். இரண்டாவது, துண்டு துண்டாகக் குறியிட்டு அனுப்புவது, எச்டிடிபி 1.1இல் முறைப்படியானதுதான் என்றாலும் எல்லாச் சேவையகமும் கோரிக்கையில் அதை ஏற்றதில்லை. பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் 2012இல், 1.3.9 பதிப்பில்தான் அதை ஏற்கத் தொடங்கியது. அதற்கு முன் ‘நீளம் தேவை’ என்று 411 குறியீட்டோடு திருப்பிவிடும்.

ஏழு, பன்னிரண்டு, முப்பத்தாறு

நீளத்தைச் சொல்லும் முறையில் தமிழர்க்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்கள் எதுவும் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் அதில் விழுவதில்லை.

மொத்த நீளம் என்பது கோப்பின் அளவு மட்டுமன்று. முன்னால் வரும் தலைப்பு வரிகளும் பின்னால் வரும் முடிவெல்லையும் அதில் சேரும். தலைப்பு வரியில் கோப்பின் பெயர் இருக்கிறது. பெயர் ‘பெரியபாளையம்’ என்று வைத்துக்கொள்வோம். தமிழாசிரியரைக் கேட்டால் ஏழெழுத்து என்பார்: பெ, ரி, ய, பா, ளை, ய, ம். ஜாவாவின் ‘லெங்த்’ முறையைக் கேட்டால் 12 என்னும். ஒற்றைக்கொம்பும் கொக்கியும் காலும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறிகள். வலைப்பின்னலில் யுடிஎஃப்-8 வடிவில் போகும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 36. மூன்றுமே சரியான எண்ணிக்கைதான். ஆனால் கன்டென்ட்-லெங்த் தலைப்பு கேட்பது மூன்றாவதை.

ஆங்கிலப் பெயருக்கு இவை மூன்றும் ஒன்றே. அதனால் மாதிரி நிரல்களில் சரத்தின் லெங்த் மதிப்பையே கூட்டி எழுதிவிடுகிறார்கள். தமிழ்ப் பெயர் வந்ததும் சொன்ன நீளத்தைவிட 24 பைட் கூடுதலாக எழுத நேரும். வகுப்பு சும்மா இராது, சொன்னதைவிட அதிகம் எழுதுகிறாய் என்று பிழை எறியும். எப்போது தெரியுமா? கோப்பு முழுவதும் போய் முடிகிற கடைசி நொடியில். நொடிக்கு 125 கிலோபைட் ஏறும் இணைப்பில் 180 மெகாபைட்டுக்கு 24 நிமிடம். 24 நிமிடம் காத்திருந்தபின், 24 பைட்டுக்காக எல்லாம் வீண்.

இதற்கு மருந்து எளிது. தலைப்பு வரிகளை முதலில் யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி, அந்த அணியின் நீளத்தைக் கூட்டவேண்டும். மாற்றும்போது ‘கெட் பைட்ஸ்’ முறைக்கு யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்வதும் முக்கியம். 2022இல் வந்த ஜாவா 18 முதல்தான் அது முன்னிருப்பு. அதற்கு முந்தைய பதிப்புகள் இயங்குதளத்தின் குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். பழைய விண்டோசில் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம் இருந்தால் பெரியபாளையம் பன்னிரண்டு வினாக்குறிகளாக மாறிவிடும். கோப்பு போய்ச் சேரும், பெயர் போய்ச் சேராது.

புதிய கருவியும் பழைய பழக்கமும்

2018இல் ஜாவா 11 புதிய எச்டிடிபி கிளையன்ட் ஒன்றைத் தந்தது. இதன் வடிவமைப்பு பாராட்டத்தக்கது. உடலை நாம் ஊற்றுவதில்லை. வலைப்பின்னல் தயாராகி ‘கொடு’ என்று கேட்கும்போது அடுத்த பகுதியைக் கொடுக்கும் வெளியீட்டாளர் ஒருவரை நியமிக்கிறோம். ‘ஆஃப் ஃபைல்’ என்று கோப்பின் பாதையைக் கொடுத்தால் நீளமும் சரியாகச் சொல்லப்படும், நினைவகத்திலும் தேங்காது. முன்னிருப்பாகத் தொட்டி கட்டும் பழைய தவறு இதில் இல்லை.

ஆனால் மல்டிபார்ட் உடலுக்கு ஆயத்த வகுப்பு எதையும் வைக்கவில்லை. இணையத்தில் கோப்பேற்றும் படிவங்கள் பெரும்பாலும் மல்டிபார்ட் கேட்பவை. விளைவு என்ன? தேடிப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் தீர்வுகளில் பல, மறுபடியும் எல்லாவற்றையும் பைட் அணியில் கட்டி ‘ஆஃப் பைட் அரே’ என்று கொடுப்பவை. முன்வாசலில் துரத்திய சனியன் கொல்லையில் வந்தது போலாயிற்று. 2021இல் ஜாவா 16 ‘கான்கேட்’ என்ற சிறு முறையைச் சேர்த்தது. தலைப்பு வரிகளுக்கு ஒரு வெளியீட்டாளர், கோப்புக்கு ஒருவர், முடிவெல்லைக்கு ஒருவர் என்று மூவரைக் கோத்துக் கொடுத்தால் போதும். நீளங்களை அதுவே பைட்டில் கூட்டிக்கொள்ளும், தமிழ்ப் பெயர்ச் சிக்கலும் அத்தோடு தீரும். இவ்வளவு நல்ல வசதி பாடங்களில் ஏறியதாகத் தெரியவில்லை.

வெளியார் நிரல் நூலகங்களிலும் இதே கதை உண்டு. ஓகேஎச்டிடிபியும் அப்பாச்சியின் கிளையன்டும் கோப்பை ஓடையாகவே அனுப்பும். ஆனால் ஓகேஎச்டிடிபியில் போக்குவரத்தைப் பதிவு செய்யும் இடைமறிப்பியை ‘பாடி’ நிலையில் வைத்தால், அச்சிடுவதற்காக உடல் முழுவதையும் நினைவகத்தில் எடுத்துக்கொள்ளும். பிழை தேடுவதற்காகச் சேர்த்த வரியே பிழையாகிவிடும். ஸ்பிரிங் சட்டகத்தின் ரெஸ்ட் டெம்ப்ளேட் 6.1 பதிப்புக்கு முன்வரை, தன் எளிய வடிவத்தில் உடலைச் சேர்த்துவைத்தே அனுப்பியது. அதை நிறுத்தும் பண்பு ஒன்று இருந்தது. பழைய வகுப்பில் இருந்த அதே முன்னிருப்பு, இருபது ஆண்டுக்குப் பின் வேறு பெயரில்.

சேவையகப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009இன் சர்வ்லெட் 3.0 முதல் வந்த பகுதிகளை வட்டில் இறக்கிவைக்கும் வசதி இருக்கிறது. அங்கே ‘கெட் பைட்ஸ்’ என்று கேட்டு அதை மறுபடி நினைவகத்துக்கு ஏற்றுவது நம் கைங்கரியம். ஸ்பிரிங் பூட் முன்னிருப்பாக ஒரு கோப்புக்கு 1 மெகாபைட் எல்லை வைத்திருப்பதைத் தொல்லை என்று நினைத்து வரம்பே இல்லாமல் ஆக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லையைத் தேவைக்கு உயர்த்தலாம், எடுத்துவிடக் கூடாது. இல்லையேல் யாரோ ஒருவர் அனுப்பும் குப்பைக் கோப்பு வட்டை நிரப்பிவிடும்.

தவணை ஏற்றம்

மடை திறந்தபின் எங்கள் நூல் பொதுவகத்தை நோக்கிப் போயிற்று. அங்கே வேறு கதவு. ஒரே கோரிக்கையில் 100 மெகாபைட்டுக்கு மேல் பொதுவகம் ஏற்பதில்லை. அதைவிடப் பெரிய கோப்பைப் பல கோரிக்கைகளாகப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும்.

இங்கே கலைச்சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நல்லது. முன்பு சொன்ன சங்க்டு என்பது ஒரே கோரிக்கைக்குள் உடலைத் துண்டு துண்டாகக் குறியிடுவது. இது பல கோரிக்கைகள். இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் அழைப்பதால் மாணவர்கள் ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டு தவிக்கிறார்கள். தமிழிலாவது இரண்டையும் பிரித்து வைப்போம். இரண்டாவதை நான் தவணை ஏற்றம் என்றே அழைக்கிறேன்.

மீடியாவிக்கி மென்பொருளின் தவணை ஏற்றம் எளிய ஒப்பந்தம். முதல் தவணையோடு மொத்தக் கோப்பின் அளவையும், தொடங்கும் இடம் சுழியம் என்பதையும் சொல்கிறோம். சேவையகம் ஒரு திறவுகோல் சரத்தைத் தருகிறது. அடுத்த தவணைகளில் அந்தத் திறவுகோலோடு, எத்தனையாவது பைட்டிலிருந்து இது தொடங்குகிறது என்பதையும் சேர்த்து அனுப்புகிறோம். எல்லாம் சேர்ந்தபின் கடைசியாக ஒரு கோரிக்கை: இந்தத் திறவுகோலில் உள்ளதை இந்தப் பெயரில் வெளியிடு. அதுவரை கோப்பு ஒதுக்கிடத்தில் இருக்கும், பொதுப் பார்வைக்கு வராது. நெடுநாள் விட்டுவைத்தால் அழிக்கப்பட்டுவிடும்.

ஜாவாவில் இதைச் செய்யும் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. ‘விக்கி-ஜாவா’ என்னும் கட்டற்ற நிரல் நூலகம் 4 மெகாபைட் தவணைகளாகப் பிரித்து ஏற்றுகிறது. அட்டவணைத் தாளில் விவரங்களை நிரப்பிக் கோப்புகளை மொத்தமாகப் பொதுவகத்தில் ஏற்றும் பேட்டிபேன் என்ற கருவியும் ஜாவாவில் எழுதப்பட்டதே, அடியில் அந்த நூலகத்தையே வைத்திருக்கிறது. விக்கி-ஜாவா ஒவ்வொரு தவணையையும் பைட் அணியாகத்தான் எடுத்துக்கொள்கிறது, மல்டிபார்ட் உடலையும் நினைவகத்திலேயே கட்டுகிறது. நான் இவ்வளவு நேரம் குறை சொன்ன முறையே அல்லவா என்று கேட்கலாம். இல்லை. இங்கே அணியின் அளவை நிரல் தீர்மானிக்கிறது, கோப்பு தீர்மானிப்பதில்லை. 4 மெகாபைட்டை நான்கு படி எடுத்தாலும் 16தான். கோப்பு 180 ஆனாலும் 1,800 ஆனாலும் அது மாறாது. அணியைத் தொடவே கூடாது என்று விதியாக மனப்பாடம் செய்யும் மாணவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கோப்பு வளர்ந்தால் நினைவகத் தேவையும் வளருமா?

நினைவகம் மட்டுமன்று, என் போன்றவருக்கு இதில் பெரிய ஆதாயம் வேறு. ஒரே கோரிக்கையில் 160 மெகாபைட் போனபின் சிக்னல் அறுந்தால் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். தவணையில் போனால் அறுந்த தவணை மட்டும் திரும்பப் போகும். எங்கள் நூலுக்கு 45 தவணை. ஒவ்வொரு தவணையும் முடிந்ததும் திறவுகோலையும் அடுத்த தொடக்க இடத்தையும் ஓர் உரைக்கோப்பில் எழுதிவைக்கும்படி நிரலை மாற்றச் சொன்னேன். மின்தடை வந்து கணினியே அணைந்தாலும் விட்ட இடத்தைப் பிடிக்கலாம் அல்லவா? என் மாணவர் எழுதியதில் ஒரே ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. கோப்பிலிருந்து ‘ரீட்’ செய்யும்போது கேட்ட அளவு முழுவதும் வந்தே தீரும் என்பதில்லை, எத்தனை பைட் வந்தது என்று அந்த முறை திருப்பிச் சொல்லும். அதைப் பாராமல் விட்டால் தவணையின் வால்பகுதி வெற்றுச் சுழியங்களாகப் போகும். பெயரும் அளவும் சரியாக இருக்கும், நடுவில் நான்கைந்து பக்கம் வெள்ளையாக வரும். ‘ரீட் என் பைட்ஸ்’ என்ற முறை இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அன்று பின்னிரவு 31ஆவது தவணையில் இணைப்பு அறுந்தது. ஐந்து நிமிடம் கழித்து 31இலிருந்தே தொடர்ந்தது. விடியும் முன் நூல் பொதுவகத்தில் தெரிந்தது. விக்கிமூலத்தில் அட்டவணைப் பக்கம் உருவாக்கிப் புரட்டிப் பார்த்தபோதுதான், நடுவே இரண்டு பக்கங்களைத் தலைகீழாக வருடியிருந்தது கண்ணில் பட்டது. திருத்திய கோப்பை அடுத்த இரவு மறுபடி ஏற்றினேன், அதுவும் 45 தவணைதான்.